பசை இறுகும் வரை

மலையூரில் எபாக்ஸிப் பசை அவசரப்படுவதில்லை. கீழே கோயம்புத்தூரில் ஒரு காப்பி குடித்து வருவதற்குள் பிடித்துக்கொள்கிற பசை, இங்கே மூடுபனி ஏறி இறங்கிய பிறகும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்.

தணிகாசலத்துக்கு அது பிடிக்கவே இல்லை.

ஆயுசில் பாதிக்கு மேல் பீளமேட்டில் கேஜ் செய்தவர் அவர். ஒரு துளை அளவாக இருக்கிறதா, ஒரு கோணம் சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற கருவிதான் கேஜ். அவர் பட்டறையில் செய்த கேஜ் ஒரு சாமானைத் தப்பு என்று சொல்லிவிட்டால் மில்காரர்கள் மறுபேச்சுப் பேசாமல் அதைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். பிறகு மகன் தலையெடுத்தான். "போதும்ப்பா, கொஞ்சம் ஓய்வா இருங்க" என்றான். ஓய்வாக இருப்பதற்கென்று மலையேறி வந்தவர், கோல்ஃப் மைதானத்து வேலியோரம் பிலோமினாவின் பட்டறையைப் பார்த்தார். ஓய்வு அன்றோடு போயிற்று.

பிலோமினா கோல்ஃப் மட்டை கட்டித் தருபவர். தணிகாசலத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு காலத்தில் மாநில அளவில் ஆடி, தோள்மூட்டு கெட்டுப்போனதும் மைதானத்தை விட்டு வேலிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டவர்.

"எனக்கும் கத்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"சம்பளம் கிடையாது. டீ உண்டு," என்றார் பிலோமினா.

அன்றிலிருந்து அவருக்கு பிலோமினா மாஸ்டர். பிலோமினாவுக்கு அவர் அண்ணா. வந்துபோகிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் வேடிக்கையாக இல்லை.

மட்டையில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றும். கீழே இரும்புத் தலை. நடுவில் தண்டு. மேலே கை வைக்கிற பிடி. தண்டின் முனையில் பசை தடவித் தலையை மாட்ட வேண்டும். ஆனால் தலையின் மூக்குப் பக்கம் கனம். ஈரப்பசையில், பஸ்ஸில் தூங்கிவழிகிறவன் தலை பக்கத்து ஆளின் தோளுக்குச் சாய்கிற மாதிரி, அது மெல்ல மெல்லச் சாயும். மயிரிழை சாய்ந்து இறுகினாலும் பந்து, குழியில் நட்டிருக்கிற கொடிக்குப் போகாமல் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும்.

தணிகாசலம் கேட்டார்: "தலை நேரா இருக்குன்னு எப்படிங்க மாஸ்டர் தெரிஞ்சுக்கறது?"

"எதுக்கு நேரா, அண்ணா?"

அவர் கேட்டது கேள்வி. திரும்பி வந்ததும் கேள்வி. சில நாள் விட்டு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். அதேதான் திரும்பி வந்தது.

சரி, சொல்ல மனமில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கோயம்புத்தூருக்குப் போய்ப் பழைய பட்டறையில் உட்கார்ந்து, மட்டைக்கென்றே ஒரு கேஜ் செய்து கொண்டுவந்தார். பிடியின் அடியில் ஓடுகிற மேட்டுவரி ஒரு பள்ளத்தில் உட்காரும். தலையின் முகம் ஒரு தகட்டில் ஒட்டி நிற்கும். இடையில் ஒரு காகிதம்கூட நுழையாது.

பிலோமினா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"அழகா இருக்கு," என்றார். தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பிலோமினா குன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் போஜன் வந்தான்.

போஜன் மைதானத்தில் கேடி. ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். "வெளியூர்ல போய் நான் கேடின்னு சொன்னா லாட்ஜுல ரூம் தரமாட்டேங்கறான் சார்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். பை தூக்கித் தூக்கி முழங்கால் தேய்ந்துவிட்டிருந்தது. இறக்கத்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவான். இன்னொரு மழைக்காலத்தை அந்தக் கால் தாங்காது என்பது அவனுக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும்.

வருஷத்துக்கு ஒருமுறை கேடிகளுக்குள் போட்டி நடக்கும். இந்த வருஷம் ஜெயிக்கிறவனுக்கு உதவிப் பயிற்சியாளர் வேலை என்று அறிவித்திருந்தார்கள். பை தூக்க வேண்டாம். நின்ற இடத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

"போன வருஷமும் ரெண்டாவது. அதுக்கு முந்தியும் ரெண்டாவது. இந்தத் தடவையும் ரெண்டாவது வந்தா வீட்டுப் பக்கமே வராதேன்னுட்டா சார்," என்றான் போஜன்.

அவன் ஒரு கையில் தண்டு இருந்தது. மறு கையில் தலை. ஏழாம் நம்பர் இரும்பு மட்டை. யாரோ வேண்டாமென்று விட்டுப்போனது. பயிற்சியில் ஓங்கி அடித்தபோது பந்தோடு தலையும் கிளம்பிப் போய்விட்டது.

"பந்து எங்க விழுந்துச்சுன்னு உடனே தெரிஞ்சுது சார். தலையைத்தான் புதர்ல பாம்பு தேடற மாதிரி தேடினேன்."

தணிகாசலம் பிடியைப் பார்த்தார். பழைய தோல். போஜனின் விரல்கள் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருந்தது.

"இதையும் புதுசா மாத்திரட்டுமா?"

"ஐயோ, அதைத் தொடாதீங்க சார். என் கை அதுலதான் குடியிருக்கு."

தணிகாசலம் தலையை மட்டும் ஒட்டினார். கேஜில் வைத்தார். மலையின் குளிரை மனதில் வைத்துப் பகலெல்லாம், இரவெல்லாம் அப்படியே விட்டார். காலையில் எடுத்துப் பார்த்தபோது காகிதம் நுழையவில்லை. மாஸ்டர் இல்லாத நேரத்தில் செய்த முதல் வேலை. ஒரு பழைய துணியால் துடைத்துப் போஜன் கையில் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் போஜன் திரும்பி வந்தான். சிரிப்பு இல்லை. அதற்குள் பிலோமினாவும் குன்னூரிலிருந்து வந்துவிட்டிருந்தார்.

"சார், எல்லாம் வலப்பக்கம் போகுது."

"அப்படிப் போகக் கூடாதே. கேஜ்ல பாத்துத்தானே ஒட்டினேன்?"

"கேஜ் அடிச்சா நேராப் போகுமோ என்னமோ. நான் அடிச்சா போகலை."

தணிகாசலம் மட்டையை வாங்கி மறுபடி கேஜில் வைத்தார். காகிதத்தைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை.

"கேஜ் பொய் சொல்லாதுங்க மாஸ்டர்."

"சொல்லலையே. நீங்க கேட்டதுக்கு அது பதில் சொல்லியிருக்கு," என்ற பிலோமினா போஜன் பக்கம் திரும்பினார். "வாசல் பக்கம் அடிக்கற மாதிரி நில்லு போஜா. பந்து முன்னாடி இருக்கற மாதிரி மட்டையைப் பிடி. கண்ணை மூடிக்கோ."

போஜன் கண்ணை மூடினான். கைகள் பிடியில் இறங்கின. விரல்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் பள்ளத்தைக் கண்டுபிடித்துப் படுத்துக்கொண்டன. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து, ஒழுங்காகக் கூடாமல் போன இடது மணிக்கட்டு சற்றே புரண்டு நின்றது.

தணிகாசலம் குனிந்து பார்த்தார். தலையின் முகம் வாசலைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வலப்புறம் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பழைய தலை கொஞ்சம் உள்வாங்கித் திரும்பியிருந்திருக்குங்களா?"

"இருந்திருக்கும்."

"அது கோணல்தானுங்களே?"

போஜன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "நாளைக்குக் காலையில ஆட்டம், சார்."

வாசலுக்கு வெளியே வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இப்போது பிரித்து ஒட்டினால் காலைக்குள் இறுகிவிடும். அதுவும் ஒரே தடவைதான். இன்னொரு தடவை பிரித்து ஒட்ட நேரமில்லை.

"பிரிங்க அண்ணா," என்றார் பிலோமினா. "நீங்க ஒட்டினது. நீங்கதான் பிரிக்கணும்."

தணிகாசலம் சூடு காட்டினார். பசை இளகிக் கரிந்த வாடை வந்தது. தலை கழன்றது. பழைய பசையைச் சுரண்டி எடுத்தார். பசையில்லாமலே தலையை மாட்டி, போஜனை மறுபடி கண்மூடி நிற்கச் சொன்னார். தலையின் முகம் வாசலை நேராகப் பார்க்கும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பார்த்ததும், மூக்கு நீட்டிய பக்கமாகத் தலையின் கழுத்திலிருந்து தண்டுவரை ஊசியால் ஒரே கீறலாகக் கீறினார். இனித் தலையில் உள்ள கீறலும் தண்டில் உள்ள கீறலும் ஒரே கோடாக நின்றால் போதும்.

"ஆட வந்த டாக்டர் ஒருத்தரோட பை இருக்கு, தூக்கணும்," என்று போஜன் கிளம்பினான். வாசலில் நின்று திரும்பினான். "சார், கடைசிக் குழியில ஓடை தாண்டறதுக்கு எனக்கு இந்த ஒரு மட்டைதான். இது இல்லாட்டி நாளைக்கு நான் போகவே வேண்டாம்."

தணிகாசலம் தலையாட்டினார்.

அவன் போனதும் இரண்டு குழாய்ப் பசையையும் பிதுக்கிக் கலந்தார். தடவினார். மாட்டினார். மட்டையைக் கிடையாக வைத்து, பிடிப் பக்கத்தை மேசையோரத்து இடுக்கியான ரப்பர் வைத்த வைஸில் இறுக்கினார். தலைப் பக்கம் மரக்கவையில் தாங்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீறல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை மேல்பக்கம் பார்த்திருக்கும்படி வைத்தார். இரண்டு கீறலும் ஒரே கோடாக நின்றன.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையின் கீறல் விலகியது. மூக்கு சாய ஆரம்பித்திருந்தது.

கேஜில் வைக்க முடியாது. கேஜுக்கு அதன் நேர் மட்டும்தான் தெரியும். அவர் மூக்கு சாய்கிற பக்கம் துணியை மடித்து அண்டக்கொடுத்தார். துணி அமுங்கியது. மரச்சீவலைச் செருகினார். அது தலையை வேண்டியதற்கு மேல் தூக்கிவிட்டது. சின்ன கிளாம்ப் ஒன்றைப் போட்டு முடுக்கினார். திருகு சுற்றச் சுற்றத் தலையும் அதோடு இழுபட்டது. ஒட்டுநாடாவைச் சுற்றிப் பார்த்தார். அது ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது.

கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் மூக்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

பிலோமினா எதிர் மேசையில் வேறு யாருக்கோ பிடி மாற்றிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் அண்ணா பிடிப்பீங்க?"

"இறுகற வரைக்கும்."

"சாயங்காலம் ஆயிடும்."

"ஆகட்டுங்க."

டீ வந்தது. பிலோமினா அவர் பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்தார். அவரால் எடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் ஆவி பறந்தது. பிறகு பிலோமினாவே வந்து எடுத்துக் குடித்துவிட்டார்.

"ஆறிப்போயிடும்," என்றார்.

விரல் நடுங்க ஆரம்பித்தது. முதலில் தெரியாத அளவுக்கு, பிறகு தெரிகிற அளவுக்கு. கீறல் இப்படி விலகும். அவர் அப்படித் தள்ளுவார். அப்படிப் போய்விடும், இப்படி இழுப்பார். பசை லேசாகக் கெட்டியாகிற மாதிரி விரலுக்குத் தெரிந்தது. அவர் திருத்தத் திருத்தப் பிடித்துக்கொண்டிருந்தது இளகியது. மலையூரின் குளிரிலும் நெற்றியில் வேர்த்தது. நாளைக் காலையில் ஓடைக்கரையில் போஜன் கையை விரித்து நிற்பது கண்ணெதிரே வந்தது. இந்த வயதுக்கு மேல் ஒருவனுடைய வேலையைக் கெடுப்பதற்காகவா மலையேறி வந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க."

"என்னால நிறுத்த முடியலீங்க."

பிலோமினா எழுந்து வந்தார். தலையைப் பார்க்கவில்லை. அவர் விரலைப் பார்த்தார்.

"கையை எடுங்க."

"எடுத்தா சாஞ்சிரும்."

"சாயட்டும்."

"நேரம் இல்லீங்க மாஸ்டர். இப்ப சாஞ்சு இறுகிட்டா..."

"அண்ணா. கையை எடுங்க."

அவர் எடுத்தார். பிள்ளையைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது. தலை மெல்லச் சுழன்றது. மூக்கு கீழே இறங்கியது. இன்னும் இறங்கியது. நேர்க்கீழாகத் தொங்கியதும் நின்றுவிட்டது.

பிலோமினா சுற்றிக்கொண்டு மட்டையின் அந்த முனைக்குப் போனார். வைஸைக் கொஞ்சம் தளர்த்தினார். பிடியைக் கையில் வாங்கி, பூட்டிய வீட்டில் சத்தமில்லாமல் சாவி திருப்புகிறவர் மாதிரி, மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தார். தண்டு சுழன்றது. தலை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தண்டின் கீறல் மேலிருந்து பக்கத்துக்கு வந்து, பக்கத்திலிருந்து அடிக்குப் போய், கண்ணுக்கு மறைந்தது.

"குனிஞ்சு பாருங்க. சேந்ததும் சொல்லுங்க."

தணிகாசலம் தரையில் மண்டியிட்டு, கழுத்தை ஒடித்துக் கீழிருந்து பார்த்தார். தண்டின் கீறல் தலையின் கீறலைத் தேடிக்கொண்டு வந்தது.

"வருது... வருது... போதுங்க."

பிலோமினா வைஸை இறுக்கினார். போய்த் தன் மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

தணிகாசலம் மண்டியிட்டபடியே இருந்தார். தலை இப்போது சாயும், இப்போது சாயும் என்று காத்திருந்தார். சாயவில்லை. சாய்வதற்கு இடமில்லை. அது விழ வேண்டிய இடத்தில் ஏற்கெனவே விழுந்திருந்தது. அதன் கனமே அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து எழுந்து முழங்காலைத் தட்டினார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்?"

"முன்னாடி நீங்க கையை எடுக்கலையே."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"ஒரு தடவை தொட்டுப் பாக்கட்டுங்களா? லேசா?"

"பாருங்க. தொடாதீங்க."

வேலிக்கு அப்பால் மூடுபனி வந்து மைதானத்தை மூடியது. இருட்டுவதற்கு முன் பிலோமினா பட்டறையைச் சாத்தினார். தணிகாசலம் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஆட்டத்தைப் பற்றி மலையூரில் எல்லோரும் சொல்வார்கள். போஜனும் இன்னொரு இளவயசுக் கேடியும் கடைசிக் குழிவரை சமமாக வந்தார்கள். கடைசிக் குழி ஓடைக்கு அந்தப் பக்கம். இளையவன் அடித்த பந்து ஓடை தாண்டி மணலில் விழுந்து மாட்டிக்கொண்டது. போஜன் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தான். அவன் பந்து கொடிக்கு ஒரு கைநீளம் தள்ளி நின்றது. அதைத் தட்டிக் குழியில் போட்டான். வேலை அவனுக்குக் கிடைத்தது. அவன் மனைவி கூட்டத்துக்கு நடுவில் நின்று, "இனிமே வீட்டுக்கு வரலாம்!" என்று கத்தியதுவரை சொல்வார்கள்.

அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. அது அந்த மட்டை இறங்கிய கணத்தில் நடந்தது.

பிலோமினாவும் தணிகாசலமும் கயிற்றுக்கு இந்தப் பக்கம், போஜனுக்கு நேர் எதிரே நின்றிருந்தார்கள். பிலோமினா ஸ்வெட்டரின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டிருந்தார். போஜன் பந்தின் முன் நின்றான். மட்டை மேலே போயிற்று. இறங்கியது. நறுக்கென்று ஒரு சத்தம். கூட்டத்தின் தலைகள் எல்லாம் ஒன்றாக அண்ணாந்தன. பந்தோடு சேர்ந்து ஓடையைத் தாண்டின. பிலோமினாவின் தலையும்தான். பந்து விழுந்ததும் ஓவென்று இரைச்சல் எழுந்தது.

பிலோமினா ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கத்தில் திரும்பினார்.

தணிகாசலம் தலையைத் தூக்கவே இல்லை. போஜன் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே போஜன் அடித்து முடித்த நிலையில், இரண்டு கையும் தோளுக்கு மேலே பிடியோடு பிடியாக, இன்னும் அசையாமல் நின்றிருந்தான்.

"எங்க விழுந்துச்சு அண்ணா?"

"பாக்கலீங்க மாஸ்டர்."

"நேராப் போச்சா, தேயிலைக்குப் போச்சா? அதுகூடவா பாக்கலை?"

"அவன் கை பிடியில உக்காந்த உடனே தெரிஞ்சுதுங்க. அப்பறம் பந்தைப் பாக்கணும்னு தோணலை."

பிலோமினா கூட்டத்தை விலக்கி வழி செய்தார். தணிகாசலம் பின்னாலேயே வெளியே வந்தார். இருவரும் பட்டறை இருந்த பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். பின்னால் போஜனின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாதி தூரம் போனதும் பிலோமினா சொன்னார்:

"அடுத்த வாரம் எனக்கு ஊர்ல வேலை இருக்கு அண்ணா. பட்டறையைச் சாத்த வேண்டாம்."